மூன்று நோட்டில் நான் விதவை

மாடி வீட்டுக்காரர் வாடகைப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போகக்கூட உரிமையில்லை என்று முழிக்கிறாராம், கேட்டீர்களா டீச்சர்? எம்.ஏ. படித்தவர்! எனக்கு ஒரே சந்தோஷம். அவர்மேல் பகையெல்லாம் இல்லை, அவர் வீட்டுக் கறிவேப்பிலைதான் என் குழம்பில் கொதிக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் காரியம் என்னைப் போல எழுத்து தெரியாதவள்தான் செய்வாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் செய்தபோது என் வீட்டுக்காரரையே மூன்று தடவை சாகடித்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எழுபது, எழுபத்தொன்றாம் வருஷம் இருக்கும். குரோம்பேட்டையில் இருந்தோம். என் பெரிய பெண் தாம்பரத்தில் ஒரு காலேஜில் சாயங்கால வகுப்பில் சேர்ந்திருந்தாள். வக்கீல் படிப்பு இல்லை. வக்கீலுக்குப் பத்திரம், நோட்டீஸ் எல்லாம் தயார் செய்துகொடுக்கிற ஆளுக்கான படிப்பு. சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை தருவதாகச் சைதாப்பேட்டை வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரோ, "சர்டிபிகேட் வந்தா வேலைக்குப் போ. வரலைன்னா தை மாசம் கல்யாணம்" என்று சொல்லிவிட்டார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார். நல்ல பையன்தான், பல் வரிசை அவ்வளவு அழகு. ஆனால் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. பல்லை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

சர்டிபிகேட்டுக்குப் பன்னிரண்டு பத்திரம் எழுதி நோட்டில் காட்ட வேண்டும். பதினொன்று முடித்துவிட்டாள். கடைசியாக, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சொல்வதைக் கேட்டு, பிரமாணப் பத்திரமாக எழுதி, அவருக்கே படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு வாத்தியார், கிளார்க்கு. படிக்காத ஆளுக்கு எங்கே போவார்கள்? என்னிடம்தான் வரவேண்டும்! எனக்குப் படிப்பு வராததற்கு அன்றைக்குத்தான் ஒரு மதிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். அடை வார்த்துப் போட்டேன். அடைக்குத் துவரம்பருப்பைக் கொஞ்சம் தூக்கிப் போட வேண்டும் டீச்சர், நீங்கள் போடுவதில்லை.

"ஆன்ட்டி, இங்க ஒரு விரல் வைங்க."

"என்னம்மா எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, காலேஜ் பாடம்."

மூன்று நோட்டிலும் வைத்தேன். மையைத் தலையில் தடவிக்கொண்டேன். பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் என் பெண் தன் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். எதிரில் இவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டச் சொன்னால் படித்துக் காட்டியே தீருகிறவள் அவள். புத்தகத்திலிருந்து எழுதியதை வரி வரியாகப் படித்தாள். "காலஞ்சென்ற" என்று ஒரு வார்த்தை வந்தது.

"இரு. அப்படின்னா?"

"செத்துப்போனன்னு அர்த்தம்மா. புருஷன் போன பொம்பளை வாரிசு சர்டிபிகேட் கேக்கறா."

இவர் டம்ளரை இறக்கினார். "என்னடி, காபி குடிக்கிறப்பவே ஆளை முடிச்சிட்டியா?"

"அந்த மூணு பேர் நோட்டுலயும் இதேதானா?" என்றேன்.

"எல்லாரும் இந்தப் பக்கத்தைத்தான் காப்பி அடிச்சிருப்பாங்க."

அப்படியானால் மத்தியானத்திலிருந்தே நான் விதவை. அதுவும் அடை வார்த்துப் போட்டுக்கொண்டே!

"கட்டினவரை எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டு இதுல கை வெப்பேனா? முடியாது."

"நாளைக்கு நோட்டு குடுக்கணும்மா. இல்லன்னா சர்டிபிகேட் கிடையாது." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இவர் ஆனந்தமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "வெக்காத. எனக்கு உயிரும் தங்கும், தை மாசம் கல்யாணமும் நடக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "நோட்டை எடுடி. நான் சொல்றதை எழுது. நிஜத்தை எழுது" என்றேன்.

நாற்பத்திரண்டு வயதான எனக்கு ரேஷன் கார்டில் அறுபத்திரண்டு என்று இருந்தது. இவருக்கு நாற்பத்தொன்பது. பாரத்தை நிரப்பியவர் இவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரன் இவரைப் பார்த்து, "அம்மாவைக் கூட்டிட்டு வரலையா சார்?" என்று கேட்கிறான்! எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதி, இரண்டு தடவை படித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் "கவனக்குறைவால்" என்று போட்டிருந்தாள். "திமிரால்" என்று மாற்றச் சொன்னேன். சட்டத்தில் அந்த வார்த்தை கிடையாதாம். போகட்டும் என்று விரலை வைத்தேன்.

"இதைக் கோர்ட்டுல படிப்பாங்களா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் நோட்டைப் பார்த்த வாத்தியார் என்னைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த நாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரயிலில் போனேன். அவர் நாலு நோட்டையும் வரிசையாக விரித்து வைத்திருந்தார்.

"நாலும் உங்க விரலாம்மா?"

"ஆமா சார்."

"மூணுல உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார். ஒண்ணுல உயிரோட இருந்து ரேஷன் பாரத்தைத் தப்பா நிரப்பறார். எது உண்மை?"

அந்த மூன்று பெண்களும் என்னையே பார்த்தார்கள். பாவமாகத்தான் இருந்தது. என் பெண் தரையைப் பார்த்தாள்.

"கடைசி ஒண்ணுதான் சார். அதை மட்டுந்தான் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க."

வாத்தியார் அப்படிச் சிரித்தார். மூன்று பேரையும் திரும்ப எழுதச் சொல்லிவிட்டு, என் பெண் நோட்டில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். சர்டிபிகேட் வந்தது. தை மாதம் அவள் சைதாப்பேட்டைக்கு வேலைக்குப் போனாள். முதல் நாள் ஸ்டேஷன்வரை பையைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டவர் இவர்தான், முணுமுணுத்துக்கொண்டே.

அந்த மூன்று பெண்களும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நியாயமாக உட்கார்ந்து, "சொல்லுங்க ஆன்ட்டி, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார்கள். அப்படி யார் என்னைக் கேட்டிருக்கிறார்கள்? இவர் குறட்டையிலிருந்து ஆரம்பித்தேன், நாத்தனார் வரைக்கும் வந்து... ஐயோ, தண்ணி லாரி ஹார்ன் கேட்கிறதே! அந்தப் பித்தளைக் குடத்தை இப்படித் தள்ளுங்கள் டீச்சர், உங்கள் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைக்கிறேன்.