மலைக்கு மலை கூப்பிடும் ஆங்கிலம்

என் ஆங்கிலத்துக்கு ஒரு வால் உண்டு. பஸ் என்று சொல்லி நிறுத்த என் நாக்குக்குத் தெரியாது. பஸ்ஸு என்று முடித்தால்தான் அதற்கு நிம்மதி. கப் என்பது கப்பு, லீஃப் என்பது லீஃப்பு. அந்த வாலை வெட்டி எறிவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெரகல சந்திக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில், சுற்றுலா வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்ட ஓர் ஆள் தேடினார்கள். பதுளையில் ஒரு வருடம் ஆங்கில வகுப்புக்குப் போன தைரியத்தில் நானும் மனுப் போட்டேன். தோட்டத்து மேனேஜரை நாங்கள் தொரை என்போம். அவர் என்னை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசவிட்டுக் கேட்டார்.

"எனக்கு வெளங்குது. வெளிநாட்டுக்காரங்களுக்கு வெளங்குமான்னுதான் தெரியல. வெள்ளிக்கிழம ஒரு கூட்டம் வருது. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இது கிடைக்காவிட்டால் கொழும்புதான். சித்தி மகள் அங்கே ஒரு துணிக்கடையில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். கொழும்பு வெக்கை எனக்கு ஒத்துவராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை அதுவல்ல. அம்மாவைத் தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக விட்டுப்போக எனக்கு மனமில்லை. அம்மாவிடம் கேட்டால், "போறதுன்னா போ புள்ள, நான் என்ன பச்சப் புள்ளையா" என்பார். சொல்லும்போது முகம் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிவிடும்.

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. கைபேசியில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி உச்சரிப்புப் பாடம் நடத்தினார். அவர் சொன்னபடி உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு "பாட்" என்பேன். காகிதம் படபடக்க வேண்டுமாம். என் காகிதம் அசையவே இல்லை. கீழுதட்டை மேல்பல்லில் வைத்து ஓர் எழுத்து, உதட்டைக் குவித்து இன்னோர் எழுத்து. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா கொஞ்சநேரம் நின்று பார்த்தார்.

"என்னா புள்ள, பல்லு வலியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை. வியாழக்கிழமைக்குள் வால் நறுக்கென்று விழுந்துவிட்டது. என் வாயில் யாரோ வாடகைக்குக் குடிவந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வேனிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட இங்கிலாந்துக்காரர் இல்லை. இத்தாலிக்காரப் பெண்மணி ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு குட்டி 'அ' சேர்த்தார். ஜெர்மன்காரர் தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லைப் பல்லை உதட்டில் பதித்துத் தொடங்கினார். ஜப்பான்காரர் மெய்யெழுத்து தனியாக நிற்கவே கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அனுப்பினார். ஆளுக்கொரு வால். எனக்குள் சிரிப்பு வந்தது. ஆறு நாள் பாடுபட்ட வீம்பு இருக்கிறதே, நான் மட்டும் வாயைச் சுருக்கிக்கொண்டு கைபேசிப் பெண்மணி மாதிரியே பேசினேன்.

கொழுந்தை வாடப்போடுகிற மேல்மாடியில் சத்தமில்லை, தப்பித்தேன். கீழே கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்கள் ஓடும் இடத்துக்கு வந்ததும் என் நறுக்கின சொற்கள் அந்த இரைச்சலில் செத்து விழுந்தன. ஒன்பது பேரும் சத்தம் போன டிவியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். தொரை படியில் கைகட்டி நின்றார். கொழும்பு பஸ்ஸின் ஹாரன் எனக்குக் கேட்காத குறைதான்.

அந்த நேரம் பார்த்து ஜப்பான்காரர் படம் எடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டாப்பூஊஊ" என்று கத்தினேன்.

அது நான் பாடம் படித்த குரல் அல்ல, எங்கள் மலைக் குரல். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு மலையிலிருந்து எதிர்மலையைக் கூப்பிடும்போது சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்து மேலே இழுப்பார்கள். இழுப்பதற்கு அங்கே ஓர் உயிரெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் குரல் பள்ளத்திலேயே விழுந்துவிடும். அந்தக் கூப்பாடு காதில் விழுந்தால் "ஓஓய்" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். யார் கூப்பிட்டார், யாரைக் கூப்பிட்டார் என்பதெல்லாம் அப்புறம். பனிமூட்டத்தில் ஆள் பத்திரமாக இருப்பது அப்படித்தான் தெரியும்.

ஜப்பான்காரர் நின்ற இடத்தில் சிலையானார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ரோலரில் வேலை செய்துகொண்டிருந்த ஐந்து அக்காமாரும் பழக்கதோஷத்தில், தலையைக்கூட நிமிர்த்தாமல், ஒரே குரலில் "ஓஓய்" என்றார்கள்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். காது சுட்டது. இத்தாலிப் பெண்மணிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? வாலும் கையுமாக, முழுக் குரலில், இரைச்சலுக்கு மேலே ஏறி நின்று சொன்னேன். ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பிறகு "ரோலரூஊ" என்றால் "ஓஓய்". "ட்ரையரூஊ" என்றால் "ஓஓய்". பேக்டரியே திருவிழாவானது. அவ்வளவு சந்தோஷமாக நான் ஆங்கிலம் பேசியதே இல்லை.

வேன் கீழே இறங்கியது. முதல் வளைவில் ஜன்னல்கள் வழியாக அவர்கள் எங்களை நோக்கிக் கூப்பிட்டார்கள். ஜெர்மன்காரருடைய கூப்பாடு சட்டென்று நின்றது, இத்தாலிக்காரருடையது ஆடி அசைந்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்மலைத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு "ஓஓய்" வந்தது. பேக்டரி வாசலில் என் பக்கத்தில் நின்ற தொரை நிமிர்ந்து பார்த்தார்.

"அது யாருங்க?"

"எங்கம்மாங்க. யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லிருவாங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழம எட்டு மணிக்கு வந்துருங்க. மேல பேசினீங்களே, அந்த மாதிரி வேணாம். கீழ பேசின மாதிரியே பேசுங்க" என்றார்.

அவர் உள்ளே போகும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்மலையைப் பார்த்து, "அம்மாஆஆ, கெடச்சிருச்சூஊஊ" என்றேன்.

அந்த மலையிலிருந்த அத்தனை பெண்களும் பதில் சொன்னார்கள். எப்போதும் முதலில் வரும் அம்மாவின் குரல் அன்றைக்குக் கடைசியாக வந்தது.