கைலாசம் மாட்டிய ஜக்கார்டு பெட்டி

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் மட்டும் பதினேழு ஜக்கார்டு பெட்டிகள் அடுத்த வீட்டுக் கைலாசம் மாட்டியவை. இப்போது ஒன்றும் இம்மி அசையாது. முதல் இரண்டைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நான் சொல்கிறேன்.

கைலாசத்துக்குத் தெரியாத வேலை கிடையாது. தெரியாது என்று சொல்லத்தான் தெரியாது. தறியில் இழை அறுந்தால் முடிச்சே தெரியாமல் முறுக்கி ஒட்டுவார். அந்தக் கை எதையும் ஒட்டிவிடும் என்று அவருக்கு நினைப்பு.

அறுபத்தெட்டாம் வருஷம் அவர் வீட்டுக்குப் பெட்டி வந்தது. சேலைக் கரையில் பூ விழ இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி, நல்ல கனம். தறிக்கு மேலே உள்ள குறுக்குக் கட்டையில் திருகு வெட்டிய நாலு மரைக்கம்பி பொருத்தி அதில் தொங்கவிட வேண்டும். கட்டையை முழுக்கத் துளைத்து, மேலே இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்கச் சொல்லித்தான் விற்றவன் அனுப்பினான். ஆனால் கட்டைக்கு மேலே கை நுழைய இடமில்லை, கூரை ஓடு இடித்தது. ஓட்டைப் பிரிக்க வேண்டும்.

"அதெல்லாம் எதுக்குபா?" என்றார் கைலாசம். கீழேயிருந்து பாதிக் கட்டை வரை துளை போட்டார். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. உடனே கம்பியின் மரையில் கழிவுப் பட்டு நூலைச் சுற்றி, இழைக்குப் போடுகிற கஞ்சியைக் கெட்டியாகத் தடவி, உள்ளே முறுக்கி ஏற்றினார். காய்ந்ததும் கல் மாதிரி நின்றது. பட்டு நெய்கிறவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வராது. அதில் மயங்கி எங்கள் வீட்டுப் பெட்டியையும் அவரையே மாட்டச் சொன்னேனே, என்னைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் தறியில் உட்காருவது என் அம்மா காமாட்சியம்மாள்.

மூன்று வாரம் பூ அழகாக விழுந்தது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை கைலாசத்தின் மனைவி தில்லையம்மாள் நெய்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து வெள்ளையாகத் துகள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தவர் எழுந்துவிட்டார்.

"கம்பி இறங்கிக்கினு வருது. நான் உட்கார மாட்டேன்."

"ஈரத்துக்குக் கஞ்சி உதிருதுமா, அவ்வளவுதான். பாரு," என்று கைலாசம் கம்பியைப் பிடித்து இழுத்தார். நூலும் கஞ்சியுமாகக் கம்பி கையோடு வந்துவிட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நேர் கீழே தில்லையம்மாள் உட்கார்ந்திருந்த பலகை.

அந்தக் கம்பியோடு கைலாசம் மழையில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அம்மா நெய்துகொண்டிருந்தார்.

"அக்கா, எழுந்திரு! ஒண்ணும் கேக்காத, எழுந்து வா!"

அம்மா வெளியே வந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. "என் தப்புக்கா," என்று கம்பியைக் காட்டினார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. பெட்டிக்கு எண்ணெய் விட வந்தேன் என்று அவர் பொய் சொல்லி, யாருக்கும் தெரியாமல் சரிசெய்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை போலும். தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

மழை விட்டதும் முதலில் எங்கள் வீட்டு ஓடுகளைத்தான் பிரித்தார். கட்டையை முழுக்கத் துளைத்து, தகடு வைத்து நட்டை முடுக்கி, நட்டு கழலாமலிருக்க அதன்மேல் இன்னொரு நட்டும் போட்டார். முடிந்ததும் அம்மா தறியில் உட்காரப் போனார்.

"இருக்கா, இன்னிக்கு நான் உட்கார்றேன். விழுந்தா என் மேல விழட்டும்," என்று அவரே பெட்டிக்குக் கீழே தறிக் குழியில் இறங்கி எங்கள் சேலையை நெய்ய ஆரம்பித்தார். கரை நூலைக் குறுக்கே ஓட்டுகிற தனி நாடாவை எறிய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே எட்டி எட்டி எறிந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் வாங்கிக்கொண்டேன்.