பின்பக்கத்துக் கேள்வி

பிளஸ் டூ பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்த ஏப்ரல் மாதம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். பள்ளித் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன்.

அவர் அறையில் ஒரு பெண் தன் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பம். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். பல்கலைக்கழகத் தேர்வில் கேள்வியைப் படித்துக் காட்டி, அவர் பதில் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். மாணவியைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆளை மாணவியே தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. முந்தின இரண்டு வருடமும் எழுதிய பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டதாம். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் ஆறு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருந்தார்கள்.

"கையெழுத்து நல்லா கீற பொண்ணா வேணும்னு கேட்டேன் பாப்பா. உன்னச் சொன்னாங்கோ," என்றார் அவர், என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கு அதைவிட. "அந்தப் பிள்ளைக்குக் கண்ணா இருந்து எழுதிக் குடுடி, அம்புட்டும் புண்ணியம்" என்று சொன்னதோடு நிற்காமல் வரிசையில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதன்பின் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் யாருக்கோ தானம் செய்யப் போவது போலத்தான் நடந்துகொண்டேன்.

மொத்தம் ஆறு தாள். காலையில் அவர் திருநின்றவூரில் ரயில் ஏறுவார். நான் ஆவடியில் அதே பெண்கள் பெட்டியில் ஏறி "அக்கா" என்று குரல் கொடுப்பேன். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். போகும் வழியெல்லாம் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார், சத்தமாக.

"ஜமீன்தாருன்னு ஒருத்தன் நடுவுல இல்லாம, வெள்ளக்காரன் நேரா வந்து எங்க தாத்தனுக்குத் தாத்தன் கைல வரி கேட்டான் பாரு, அதான் ரயத்துவாரி. மழ பேஞ்சாலும் கட்டு, பேயலன்னாலும் கட்டு. எங்க ஊட்டுல பழைய பட்டாக் காகிதம் ஒண்ணு கீது. நைனா எடுத்துக் குடுப்பாரு. நான் தடவித் தடவிப் பாத்துக்கீறேன். பொடிப்பொடியா உதிரும்."

பெட்டியில் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் யாரும் 'கீது' என்று பேச மாட்டார்கள். பேசுகிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆனால் தேர்வு அறையில் அதே வாய் வேறு மாதிரி பேசும். "நிலவரியின் சுமை உழவர் மீது நேரடியாக விழுந்தது, முற்றுப்புள்ளி" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். ஒரு சொல்லைக்கூடத் திருத்தச் சொன்னதில்லை.

எங்களைத் தனியே ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறை. மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியை வாரப் பத்திரிகையும் கையுமாக இருப்பார். மற்றவர்களுக்குப் பத்திலிருந்து ஒரு மணி வரை மூன்று மணி நேரம், எங்களுக்கு அரை மணி கூடுதல்.

நான்காவது தாள் அன்று குடியிருப்பில் என் தோழி வீட்டில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வரிசையாக மூன்று படம். ஒரு மணிக்குக் கிளம்பினால் ரயிலைப் பிடித்து முதல் படத்தை ஆரம்பத்திலிருந்தே பார்த்துவிடலாம். காலையிலிருந்து என் மனது அங்கேயேதான் இருந்தது.

கடைசிப் பகுதியில் 'ஏதேனும் நான்கு' கட்டுரைகள் எழுத வேண்டும். கேள்வித்தாளின் முன்பக்கத்தில் ஆறு கேள்விகள். படித்துக் காட்டினேன். அதில் அவருக்கு மூன்றுதான் தெரிந்தது. மூன்றையும் எழுதி முடித்தபோது ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"வேற இல்லியா? பின்னாடி திருப்பிப் பாரு."

தாளைத் திருப்பினேன். அவருக்குக் காகிதச் சத்தம் கேட்டிருக்கும். பின்பக்கத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. இரண்டாவது, ரயத்துவாரி முறையை விவரித்து அதன் விளைவுகளை ஆராய்க. அவர் ஆரம்பித்தால் அரை மணிக்குக் குறையாமல் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

"இல்லக்கா. அவ்ளோதான்."

அவர் தெரியாத மூன்றில் ஒன்றை எடுத்துத் தட்டுத் தடுமாறி அரைப் பக்கம் சொன்னார். எழுதினேன். மணி அடித்தது. மேற்பார்வை ஆசிரியை தலையைத் தூக்கி, "உங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கே?" என்றார்.

"முடிச்சிட்டோம் மேடம்," என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

வெளியே தாழ்வாரத்தில் அவரை ஒரு தூணருகே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவருடைய வகுப்புப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆவடியில் இறங்கி ஓடினேன். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. என்ன படம் என்று இப்போது நினைவில்லை.

அடுத்த தேர்வு அன்று, கேள்வித்தாள் என் கைக்கு வந்ததும் அவர் சொன்னார். "முழுசா ஒரு தபா படிச்சிடு பாப்பா. முன்பக்கமும் பின்பக்கமும்." இவருக்கு எப்படித் தெரியும், தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளையும் அதற்கடுத்ததையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன், கூடுதல் நேரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அதில் எல்லாம் சரியாகிவிட்டதாக ஒரு எண்ணம்.

முடிவு வந்தது. சில மதிப்பெண்களில் அவருக்கு முதல் வகுப்பு போய்விட்டது. எம்.ஏ. படிக்க இடம் கிடைக்கவில்லை. அவருடைய அம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்து, "உங்க பொண்ணு புண்ணியத்துல பாஸ் ஆயிட்டாம்மா" என்று ஒரு பை நிறையத் தோட்டத்து வெண்டைக்காய் கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவு வயிற்று வலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குழாயடியில் தலைகாட்ட முடியாது என்பதுதான் அன்றைய கவலை.

பிறகு நான் பட்டம் வாங்கி, கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்து, தொண்ணூறுகளில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஊனமுற்ற மாணவர்களுக்குச் சம வாய்ப்பு தருவது பற்றி யோசனை கேட்க ஒரு குழு போட்டார்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு.

பார்வையற்ற பட்டதாரிகள் சார்பில் பேச அவர் வந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. முன் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மூன்று விஷயம் கேட்டார். ஸ்கிரைபைப் பல்கலைக்கழகமே தர வேண்டும். கூடுதல் நேரத்தை மாணவர் கேட்காமலே கொடுக்க வேண்டும். எழுதுகிறவர் சரியில்லை என்றால் தேர்வுகளுக்கு நடுவிலேயே ஆளை மாற்றிக்கொள்ள வழி வேண்டும்.

"உங்களை யாராவது ஏமாத்தினாங்களா?" என்று தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு எழுதினவங்க கையெழுத்து ரொம்ப நல்லாயிருக்கும் சார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குறிப்பை நான் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டு வரி தாண்டுவதற்குள் அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தபோது நானே பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆவடி பாப்பாதானே? நல்லா கீறியா?"

"அக்கா, அந்த நாலாவது பேப்பர்ல..."

"ரயத்துவாரி," என்றார். "வெளிய வந்ததும் பொண்ணுங்கோ அதத்தான் பேசிகினு இருந்தாளுங்கோ. அப்பவே தெரியும்."

"ஏன்க்கா அன்னிக்கே கேக்கல?"

"கேட்டா நீ கோச்சிகினு பூடுவே. இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி கீது. யாரு எழுதுவா?"

டெக், படம், ரயில் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கடைசிவரை டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "காலேஜ்ல பாடம் நடத்தணும்னு இருந்தேன்," என்று மட்டும் சொன்னார். பிறகு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன்.

அடுத்த வாரம் விதிகளைத் தட்டச்சுக்கு அனுப்பும்முன் என் அதிகாரி பென்சிலால் மூன்றாவதைச் சுழித்தார். "ஆள மாத்துறதெல்லாம் தேவையா? இப்படியெல்லாம் எங்க நடக்குது?"

"நடந்திருக்கு சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்ச ஒருத்தருக்கு," என்றேன்.

அவர் யோசித்துவிட்டுப் பென்சில் சுழியை அழித்தார். விதி நின்றது. நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

ஆணை வெளிவந்த அன்று அவருடைய தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார்.

"விதி வந்துடுச்சுக்கா."

"மூணுமா?"

"மூணும்."

"சரிம்மா. இன்னொரு லைன் வந்துகினு கீது, வெச்சிடறேன்," என்றார். வைத்துவிட்டார்.