கால் மைல் பந்தயத்துக்கு ஒரு சந்தா

டிராக் ரேஸைச் சந்தா கட்டி டிவியில் பார்க்க ஆள் கிடைக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றித்தான் சொல்வேன். அதை நடத்திப் பார்த்தவன் நான். அப்போது அடுகோடியில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த சந்துகளுக்கெல்லாம் கேபிள் என்னுடையது. மொட்டைமாடியில் மூன்று டிஷ், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அந்த அறைக்குப் பெயர் கன்ட்ரோல் ரூம். பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம், உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான். அங்கே ஓடிய ஃபேன்கூட எனக்கில்லை, மெஷின்கள் சூடாகாமல் இருக்க வைத்தது.

பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு ஏரியாவாக வந்து என்னைப் போன்ற சில்லறை ஆட்களை விழுங்கிக்கொண்டிருந்த காலம். அவர்களிடம் இல்லாத ஏதாவது ஒன்று என்னிடம் இருந்தால்தான் பிழைக்க முடியும். என்னிடம் இருந்தது ஒரு லோக்கல் சானல். அதில் மாரியம்மன் கோயில் தேர், பிறந்தநாள் வாழ்த்து, எப்போதாவது காணாமல் போன நாய் என்று போட்டுக்கொண்டிருந்தேன். நாயைப் பார்க்க எவனும் சந்தா கட்டமாட்டான். என்ன போடலாம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் தம்பி தன் பைக்கை ரேஸுக்குப் பதிந்துவிட்டு வந்தான்.

தம்பி எங்கள் தெருமுனை ஷெட்டில் மெக்கானிக். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, தேவையில்லை என்று தோன்றியதையெல்லாம் கழற்றி எறிந்து, மீதியை மினுக்கி வைத்திருந்தான். அவன் கிக்கரை உதைத்தால் நாலு சந்து தள்ளிக் குழந்தை அழும். ஊருக்கு வெளியே, சின்ன விமானங்கள் இறங்கும் ஓடுபாதையில் ரேஸ். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் கால் மைல். முழுசாகப் பதினைந்து நொடிகூட ஆகாது. "இதுக்கா வருஷம் பூரா ஸ்பேனரும் கையுமா திரியற? நான் தும்மி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுமே" என்பாள் அம்மா.

அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச மாதங்களுக்கு முன் ஓசூர் ரோட்டில் ஒரு வேன் அப்பாவின் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. இடுப்பு வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார் அப்பா. அதிலிருந்து இரண்டு சக்கரம் எதைப் பார்த்தாலும் அம்மாவின் முகம் மாறிவிடும். சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் தம்பிக்கு வேலையும் பேசி வைத்துவிட்டாள். ஆனால் அப்பா தம்பி பக்கம். "நான் ஃபேக்டரி சங்குக்கு எழுந்து எழுந்து கிழவனானவன். இவனாவது அவன் இஷ்டத்துக்கு எழுந்திருக்கட்டும்" என்பார்.

இந்தச் சண்டை தினமும் சோற்றுத் தட்டு முன்னால் நடக்கும். கடைசியில் தம்பியே தீர்த்து வைத்தான். "ஞாயித்துக்கிழமை ஜெயிச்சா பீன்யா பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. தோத்தா திங்கக்கிழமை காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிடறேன். சரியா?" அம்மா உடனே சரி என்றாள். அப்பா மட்டும் என்னைப் பார்த்து, "டேய், அவன் ஜெயிக்கிறதை நான் பாக்கணும்டா. உன் கேபிள்ல காட்டுவியா?" என்று கேட்டார். கேபிள்காரனைப் பெற்றவர் கேட்கிறார். காட்டுவேன் என்றேன்.

அப்பாவுக்காக ஒரு டேப் போட்டால் போதும்தான். ஆனால் என் புத்தி எங்கே சும்மா இருக்கும்? ஊரே பார்க்கட்டும், தனிச் சந்தா வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். அந்தக் காலக் கேபிளில் ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு மறைக்க வழி கிடையாது. வெட்டினால் ஒரு சந்து முழுவதையும்தான் வெட்ட முடியும். அதனால் கோயில் திருவிழாவுக்கு வரி போடுவதுபோல் சந்து சந்தாக வசூலித்தேன். கட்டாத சந்துக்கு அந்த ஒரு மணி நேரம் லைன் கிடையாது என்றும் சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம் ஓடும் நேரம் அது. பின்சந்து அம்மாக்கள் கூட்டமாக வந்து, "படத்தை கட் பண்ணிப் பாரு, உன் டிஷ்ஷைக் கவுத்து அதுல துணி அலசறோம்" என்றார்கள். அன்றே என் வியாபாரம் பாதி விளங்கிவிட்டது. கட்டியவனும் பார்த்தான், கட்டாதவனும் பார்த்தான்.

படம் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே. எங்கள் ஏரியாவில் கேமரா வைத்திருந்தவர் ஒருவர்தான், கல்யாண வீடியோக்காரர். கன்டோன்மென்ட் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும். "டென்ஷனே பேடா குரு, சக்கத்தா எடுத்துத் தரேன்" என்றார். டென்ஷனே வேண்டாமாம், பிரமாதமாக எடுத்துத் தருவாராம். அவர் எடுக்காத கல்யாணம் அடுகோடியில் இல்லை. தூக்க முடியாத அந்தக் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஞாயிறு காலை ஒரு வேன் பிடித்துப் போனோம். அம்மா வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "ஒப்பந்தத்துக்கு ஒரு சாட்சி வேணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டு தயிர்சாதத் தூக்கோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஓடுபாதை ஓரமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி தூரத்தில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் வீடியோக்காரர். நான் முடிவுக் கோட்டுக்குப் போனேன். தம்பி தோற்றதை அங்கே நின்று கண்ணால் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு சக்கர அளவு இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டி மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டேப் ஓடும் வரை முடிவை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கூட வந்த பையன்களிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். முடிவு தெரிந்துவிட்டால் எவன் பார்ப்பான்? வேனில் பையன்கள் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். அம்மாவும் கேட்கவில்லை, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதீங்க, சொல்லாதீங்க, நான் டிவியில பாத்துக்கறேன்" என்று கத்தினார். தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போனான்.

வீடியோக்காரர் டேப்பைத் தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் ஏதேதோ வேலை செய்து, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுப் பார்க்க நேரமில்லை. அப்படியே சொருகிவிட்டு அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். முதலில் இரண்டு இதயம் ஒன்றையொன்று சுற்றின. அதற்குள்ளிருந்து தம்பியும் அவன் வண்டியும் வந்தார்கள். என்ஜின் சத்தம் ஒரு துளி இல்லை, நாதஸ்வரம். பிறகு கூட்டம். கூட்டத்தில் யார் யார் வந்திருந்தார்களோ அத்தனை பேரும் கேமராவைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். தயிர்சாதம் சாப்பிட்டவர்களை ஒரு வாய் விடாமல் எடுத்திருந்தார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "ஏய், நம்ம பையன்டா!" என்று கூச்சல் கேட்டது. எனக்கு அவரைப் பிடித்து நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் தம்பி கோட்டுக்கு வந்து நின்றான். பக்கத்தில் இன்னொரு வண்டி. பச்சை விளக்கு எரிந்தது. உடனே கேமரா திரும்பிவிட்டது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் சொந்தக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று மறைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் தாலியை எடுக்க முடியாது, எடுத்தாலும் முதுகுதான் விழும். அதனால் விவரமான வீடியோக்காரர் சட்டென்று திரும்பிப் பெண்ணைப் பெற்றவர்களின் முகத்தை எடுப்பார். நல்ல ஆல்பத்துக்கு அதுதான் அடையாளம். அவரும் பழக்கத்தில் அதையே செய்திருந்தார். எங்கள் டிவி முழுக்க அம்மாவின் முகம். பின்னால் கெட்டிமேளம்.

பந்தயம் முழுவதும் அந்த முகத்திலேயே நடந்தது. கண் இமைக்கவில்லை. கயிற்றைப் பிடித்த கை வாய்க்குப் போனது. கறுப்பு விழி மெல்ல ஆரம்பித்து, வேகமாகி, இடமிருந்து வலமாக ஓடியது. வலது ஓரத்தில் போய் நின்றது, அங்கேயே நின்றது. உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு முகம் அப்படியே மலர்ந்தது, கண்ணில் தண்ணீர், சின்னப் பெண்போல ஒரு சிரிப்பு. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"ஜெயிச்சுட்டான்!" என்று அப்பா கட்டிலை ஓங்கித் தட்டினார். "எனக்கு ரேஸ் பாக்கத் தெரியாதுடா. இவளைப் பாக்கத் தெரியும். என் பையன் ஜெயிச்சுட்டான்!"

தம்பி கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். "இல்லப்பா. தோத்துட்டேன்" என்றான்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். "அப்ப நீ எதுக்குடி சிரிச்ச? பையன் தோத்தா பீன்யாவுக்குப் போயிடுவான்னா?"

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவன் ஜெயிச்சானா தோத்தானான்னு எனக்கு என்ன தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரி தொப்பி மாட்டிட்டுப் போச்சு. அந்தக் கோடியில போய் வண்டி நின்னுச்சு. காலை ஊனினான். முழுசா இருந்தான். அதுக்குச் சிரிச்சேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, "அவன் ஒண்ணும் பீன்யாவுக்குப் போக வேணாம். அவன் பொழப்பை அவன் பாக்கட்டும்" என்றாள். அப்பா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

தம்பி டேப் இருந்த என் கன்ட்ரோல் ரூமுக்குள் போனான். அந்த இடத்தை மட்டும் ஓட்டி, திரும்ப ஓட்டி, மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். நான் வாசலில் நின்றேன். ரேஸில் வண்டி ஓட்டும்போது அவன் முன்னால் பார்த்தது ரோட்டைத்தான். பக்கத்தில் இப்படி ஒரு முகம் இருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

திங்கட்கிழமை காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பீன்யாவுக்குக் கிளம்பினான். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், பிறகு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். அப்பாவின் கோபம் முழுக்க என்மேல். "அந்தப் படுபாவி ஒழுங்கா ரேஸை எடுத்திருந்தா இவன் அடுத்த வருஷமும் ஓட்டியிருப்பான்டா" என்றார். அது உண்மைதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ரேஸைக் காட்டவில்லை என்று சண்டை போட நாலைந்து பேர் வந்தார்கள். தங்கள் முகத்தை இன்னொரு தடவை போடச் சொல்லி அதைவிட அதிகம் பேர் வந்தார்கள். மறு ஒளிபரப்புக்கும் சந்தா கேட்டிருக்கலாம், அந்தச் சாமர்த்தியம் எனக்கில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு பெரிய கம்பெனி என் லைன்களை வாங்கிக்கொண்டது. டிஷ் மூன்றும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

அப்பா போய், கொஞ்ச வருஷத்தில் அம்மாவும் போன பிறகு, அந்த டேப்பை சிடியில் ஏற்றி வைத்தேன். ஒருநாள் தம்பி வீட்டில் அதைப் போட்டோம். இதயங்கள் சுற்றின, நாதஸ்வரம் வாசித்தது, தெரு முழுக்கச் சிரித்தது. கெட்டிமேளம் முடிந்ததும் தம்பி மகள் என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, இதுல அப்பா வண்டி ஓட்டுறது எங்க? பாட்டிதானே வர்றாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினான். "பாட்டி கண்ணை மட்டும் பாரு. இடதுலருந்து வலதுக்குப் போகுதுல்ல?" என்றான். "அதுதான் நான்."