சாணி மெழுகிய குழி

என் அம்மா இன்றுவரை என் வேலையைக் குப்பை கிளறுகிற வேலை என்றுதான் நினைக்கிறார். சேலத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது, "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "மோகனூர்ப் பக்கம் குழி தோண்டுறா" என்பார். அதில் பொய் இல்லை. தொல்லியல் படித்துவிட்டு, ஆற்றோரத்துக் கரும்புக் காட்டுக்கு நடுவே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அகழாய்வுக் குழி ஒன்றுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். எனக்குக் கீழே எட்டுப் பெண்கள். எல்லோரும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள்.

எனக்கு விதிகள் என்றால் உயிர். கரணையால் சுரண்ட வேண்டும், கடப்பாரை கூடாது. பானை ஓடு கிடைத்தால் எடுக்காதே, முதலில் என்னைக் கூப்பிடு. பொருளைவிட அது கிடந்த இடம்தான் பெரிது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே சொல்லிக் கொண்டிருந்தேன்.

முதல் வாரம் மண்ணடுக்கு பற்றிப் பாடமே எடுத்தேன். "அழுக்குத் துணிக்கூடை மாதிரிதான். அடியில கிடக்கறது திங்கக்கிழமைத் துணி, மேல கிடக்கறது நேத்து போட்டது. மண்ணும் அப்படித்தான், கீழ போகப் போகப் பழசு" என்றேன்.

என் வயதே இருக்கும் ஒருத்தி, குழுவில் வாய் அதிகம் உள்ளவள், உடனே கேட்டாள். "ஏனுங் மேடம், எங்கூட்டுக்காரரு சட்டையத் தேடறேன்னு கூடையவே கவுத்துப்புட்டாருன்னா?"

"எலி வளை தோண்டி மேல் மண்ணையும் கீழ் மண்ணையும் கலந்துடும். அதைத்தான் நாங்க எலிவளைன்னு எழுதுவோம்" என்றேன். அன்றிலிருந்து அவள் புருஷனுக்கு எலிவளை என்றே பேர் ஆகிவிட்டது. அவர் ஒருநாள் மொபெட்டில் அவளைக் கூட்டிப்போக வந்தபோது எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் மனுஷன் வண்டியைத் திருப்பிக் கொண்டு போய்விட்டார்.

சிரிப்புக்குக் குறைவில்லை, பொருளுக்குத்தான் குறைச்சல். பக்கத்துக் குழியில் சிவப்பு மணிகள் கிடைத்தன. பார்க்க வருகிறவர்கள் எங்களைத் தாண்டி அங்கேதான் போனார்கள். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பானை ஓடு, பானை ஓடு, மறுபடியும் பானை ஓடு. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான்காம் வாரம் அதுவும் நின்றது. மஞ்சள் நிறத்தில் கெட்டியாக ஒரு மண் தட்டுப்பட்டது. இரண்டு நாள் சுரண்டிப் பார்த்துவிட்டு, பெரிய மேதாவி போலக் குறிப்பேட்டில் "கன்னி மண்" என்று எழுதினேன். மனிதக் கை படாத மண், இதற்குக் கீழே ஒன்றும் இருக்காது என்று அர்த்தம்.

எழுதின கையோடு தலைமை ஆய்வாளருக்கும் போனில் சொல்லிவிட்டேன். "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். பாத்துட்டு மூடிடலாம்" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. குழியை மூடினால் எனக்குக் கொட்டகையில் உட்கார்ந்து ஓடு கழுவுகிற வேலையாவது உண்டு. இந்த எட்டுப் பேருக்கும் நாளையோடு வேலை போச்சு. கரும்பு வெட்டு தொடங்க இன்னும் நாள் கிடந்தது. அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "நாளைக்குப் பெரிய சார் வராரு. காலையில நேரத்துல வந்து குழியைச் சுத்தம் பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அறைக்கு நழுவிவிட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். குழியை எட்டிப் பார்த்தேன்.

குழியின் தரை முழுக்கச் சாணி மெழுகியிருந்தார்கள். நடுவில் புள்ளி வைத்துக் கோலம். நான்கு ஓரத்துக்கும் செம்மண் கரை வேறு. எட்டுப் பேரும் மேலே வரிசையாக நின்று, நான் பாராட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று கத்தினேன். நான் கத்தினால் கரும்புக் காட்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும். "சுத்தம்னா சுரண்டிப் பெருக்கச் சொன்னேன்! சாணி போடச் சொன்னேனா?"

"பெரியவிய வாராங்கன்னீங்க. மொழுகாத எடத்துல எப்படீங்க நிக்க வெக்கறது?" என்றாள் வாய்க்காரி. அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் கோபம் தணியவில்லை. ஏணியில் தடதடவென்று இறங்கினேன்.

அவளும் பின்னாலேயே இறங்கினாள். "திட்டறது திட்டுங்க மேடம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இது ஏற்கெனவே மொழுகின தரை தானுங்களே?"

"என்ன?"

"கை வழுக்கிட்டுப் போச்சுங்க. வெறும் மண்ணுன்னா மொதத் தண்ணிய இழுத்துக்கும். இது இழுக்கல. அடிச்சுக் கெட்டிச்ச தரைங்க இது. இங்கிங்க மட்டுந்தான் குடிச்சுது, பாருங்."

அவள் காட்டிய இடத்தைப் பார்த்தேன். தரை முழுக்கக் காய்ந்து வெளுத்துக் கொண்டிருந்தது. ஆனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் மட்டும் ஈரம் காயாமல் கருத்துக் கிடந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எண்ணிக் கொண்டே போனேன். பதினொன்று, வளைவாக, கோலத்தைச் சுற்றி. கம்பு நட்ட குழிகள். கம்பு மக்கிப் போன இடத்தில் நிரம்பிய பொலபொலத்த மண் தண்ணீரைக் குடித்திருந்தது. நான் கன்னி மண் என்று எழுதியது யாரோ திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கிய வீட்டுத் தரை. இரண்டு நாளாக அதன் மேல் நின்று கொண்டுதான் வீட்டைத் தேடிக் கொண்டிருந்தேன்.

சந்தோஷத்தில் அவளைக் கட்டிப் பிடித்தேன். என் சட்டையெல்லாம் சாணி.

குறிப்பேட்டில் அழிப்பது பாவம். அடித்துத்தான் எழுத வேண்டும். "கன்னி மண்" மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சாணி மெழுகியது யார், தரையைக் கண்டது யார், அதற்கு முந்தைய நாள் முட்டாள்தனமாக எழுதியது யார், எல்லாம்.

பத்து மணிக்குத் தலைமை ஆய்வாளர் வந்தார். குறிப்பேட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். "காலம் கணிக்க இந்தத் தரை மேல இருந்து கரித்துண்டு ஒண்ணும் எடுக்க முடியாது, தெரியுமில்ல? எல்லாத்துலயும் இன்னிக்கு மாட்டோட சாணி" என்றார். "தெரியும் சார்" என்றேன். அவர் ஏணியில் கால் வைத்தார்.

"சார், சார், அப்படி வராதீங்க!" என்று கீழேயிருந்து ஒரு குரல். வாய்க்காரிதான். "அது சுவருங்க. வாசப்படி இந்தப் பக்கம்."

அவள் கையை நீட்டிய இடத்தில், கிழக்கே பார்த்து, இரண்டு வட்டங்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி அகலமாக இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. அவளோ கோலத்தை அதற்கு நேராகப் போட்டிருந்தாள். இன்னொன்றையும் அப்போதுதான் பார்த்தேன். எட்டு ஜோடிச் செருப்பும் குழிக்கு மேலே கிழக்குக் கரையில் வரிசையாகக் கிடந்தன.

குழியை மூட வந்தவர் ஏணியிலிருந்து காலை எடுத்தார். ஏணியைத் தூக்கிக் கொண்டு சுற்றி நடந்து, கிழக்குப் பக்கம் சாய்த்து வைத்தார். ஷூவைக் கழற்றி ஒன்பதாவது ஜோடியாக வைத்துவிட்டு இறங்கினார்.

"வாங்க சார்" என்றாள் அவள்.