படகில் ஏறும் நொடி

மகள் விளையாடியே சம்பளம் வாங்குகிறாள் என்று அப்பா எங்கள் ஊர் உலு திராம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஜொகூர் பாருவில் வீடியோ கேம்களைச் சோதிப்பது என் வேலை. ஒரே சுவரில் நூறு முறை முட்டி, எந்த முறை சுவர் வழிவிட்டது என்று எழுதி வைக்க வேண்டும். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

கடைசியாகச் சோதித்தது ஒரு மீன்பிடி கேம். படகில் ஏறும் நொடியில் ஆட்டத்தைச் சேமித்தால், அதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிடும். எப்போதாவதுதான் நடக்கும். அதை வேண்டும்போது வரவழைக்கும் வழியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. படிப்படியாக எழுதி, 'ஏ' என்று பதிவுசெய்தேன். 'ஏ' இருந்தால் கேம் வெளியே போகக்கூடாது. 'சி' என்றால் போகலாம்.

வெளியீட்டு நாளை எப்போதோ அறிவித்துவிட்டார்கள். சேமிக்கும் பகுதியில் கைவைத்தால் வேறு என்ன உடையுமோ என்று நிரல் எழுதியவர்களுக்குப் பயம். பிழைகள் வெளியே போவது சோதிப்பவர்கள் குருடர்கள் என்பதால் அல்ல; பாதிக்கு மேல் தெரிந்தேதான் போகின்றன. எங்கள் குழுத் தலைவர் என் மேசைக்கு வந்தார். ஜொகூரிலேயே ரெங்கம் என்ற ஊர்க்காரர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒரே ஒரு ஏ தாம்மா நிக்குது. சி-ன்னு மாத்திடு லா. வெளிய வந்ததும் பேட்ச் போட்டுச் சரிபண்ணிக்கலாம்."

அவரே மாற்றியிருக்கலாம். மாற்றியவர் பெயர் பதிவில் நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது என்பதும் தெரியும். மாற்றினேன்.

கேம் வெளிவந்த முதல் வாரத்திலேயே வசவுகள் குவிந்தன. தன் மகன் அழுதே தூங்கிவிட்டான் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். இதைச் சோதிக்கவே இல்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். தலைமையகமும் அதையே கேட்டது. கூட்டத்தில் பதிவைத் திரையில் போட்டார்கள்: 'ஏ'யிலிருந்து 'சி', பக்கத்தில் என் பெயர். அண்ணன் தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அழுத்தியது என் விரல்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. லிஃப்டில் அவர் மெதுவாக, "எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா" என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

நான் எழுதிய படிகளை வைத்துத்தான் பிழையைச் சரிசெய்தார்களாம். அரை நாள்கூட ஆகவில்லை என்று கூட வேலை செய்தவள் போனில் சொன்னாள்.

வேலை போனதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"விளையாடுறதுக்குக்கூடவா உன்ன வேணாம்னுட்டாங்க?"