பெருவிரல் வளைகிற குடும்பம்

எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால், பார்க்க வருபவர்கள் முதலில் அதன் பெருவிரலைப் பிடித்து முன்கையை நோக்கி மெல்ல மடக்குவார்கள். தொட்டுவிட்டால், "நம்மட பிள்ளைதான்" என்று தாயிடம் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த வயதில் எந்தக் குழந்தையின் விரலும் இலகுவாக வளையும் என்பதை யாரும் பொருட்படுத்தியதில்லை. பெருநாளில் கனமூலை ஊரிலுள்ள எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கும் போட்டி நடக்கும். என் தங்கச்சியை வெல்ல ஆளில்லை. சின்னவிரலைப் பின்புறமாகச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, மற்றக் கையால் வட்டிலாப்பம் சாப்பிடுவாள்.

அந்தப் பெருமையைக் கொழும்பில் ஒரு வைத்தியர் கலைத்தார். யுத்தம் முடிந்து, வீதியில் சோதனைச் சாவடிகள் அகன்றிருந்த காலம். ஓயாத தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில், என் மூளையின் குருதிக்கலன் ஒன்று ஓரிடத்தில் பலூன்போலப் புடைத்திருப்பது தெரிந்தது. வெடிப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிட்டார்கள். பிறகு வைத்தியர் என் விரல்களை வளைத்துப் பார்த்தார். உடலைச் சேர்த்துப் பிடிக்கும் தொடுப்பிழையம் எங்களுக்குப் பரம்பரையாகவே நெகிழ்வானதாக இருக்கலாம் என்றார். மூட்டுகளை வளையவிடும் அதே குறை குருதிக்கலனின் சுவரையும் நலிவாக்கக்கூடும். ஆகவே கூடப்பிறந்தவளையும் சோதிக்க வேண்டும். துணைக்கு வந்திருந்த உம்மா, இளையவள் இவளைவிட நன்றாக வளைப்பாள் என்று பெருமையோடு சொல்லத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்த பிறகே நிறுத்தினார்.

தங்கச்சிக்கு ஆலங்குடாவில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பரம்பரை நோயுள்ள வருத்தக்காரக் குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்களோ என்று உம்மா அஞ்சினார். ஸ்கேனைக் கலியாணத்துக்குப் பிறகு எடுக்கலாம் என்றார். அந்த மனிதரை விரும்பத் தொடங்கியிருந்த தங்கச்சி அதற்கு இணங்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, அக்காவான என்னை அவள் தாத்தா என்றுதான் அழைப்பாள்.

"மறைச்சு கலியாணம் முடிச்சிட்டு, நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தா அவருதானே, தாத்தா, பக்கத்துல நிக்கணும்? தெரிஞ்சிக்கிட்டு நிக்கட்டும்."

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் உம்மா கலியாணச் சேலையின் நிறம் கேட்டு வந்தார். தங்கச்சி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். விரலை வளைத்துக் காட்டி, வைத்தியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். உம்மா குசினிக் கதவைப் பிடித்தபடி நின்றார். வந்தவர் தன் பெருவிரலையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது வளையவில்லை.

"எங்கட வீட்டுல எல்லாருக்கும் சீனி வருத்தம் மகள். நாங்க அதச் செல்லல்ல, நீ செல்லிட்டாய். எப்ப ஸ்கேனுக்குப் போற? நானும் வாறன்."

சொன்னபடியே வந்தார். கொழும்புக்குப் போன வான் வண்டி, பக்கத்து ஊரான மதுரங்குளியைத் தாண்டுமுன்பே சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து, சீனி வருத்தத்தை மறந்து, இனிப்பெல்லாவற்றையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். ஸ்கேன் முடிவு வரும்வரை மட்டும் அவர் எதையும் தொடவில்லை. தங்கச்சியின் கையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

புடைப்பு எதுவும் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது. கிணற்று வாளி பாரமா என்று மாமியார் கேட்டார். நிரம்பியிருந்தால் பாரம்தான் என்றார் வைத்தியர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டுக்கு வேண்டிய சாமான்களைப் பெண் வீட்டாரே சேர்ப்பார்கள். ஆனால் நாள் குறிப்பதற்கு முன்பே, மாப்பிள்ளை தன் உம்மாவோடு வந்து, ஒரு தண்ணீர் மோட்டரையும் குழாய்களையும் எங்கள் கிணற்றடியில் பொருத்தினார். வேலிக்கு அப்பால் அயலவர்கள் கூடிவிட்டார்கள். உம்மா கூசிப்போனார்.

"ஊரு என்ன செல்லும் சம்மந்தி?"

"மாப்பிள்ள சீதனம் குடுத்திட்டுத்தான் கலியாணம் முடிக்கிறாரெண்டு செல்லட்டும்," என்றபடி மாமியார் மோட்டரின் சுவிட்சைப் போட்டார்.